கடைமடைக் கால்களுக்குள் ஒரு கண்ணாடி இழை

கீழ்வேளூர், திருக்குவளைப் பக்கம் சம்பா நடவு நாளில் வரப்போரமாக நின்றால், சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் நிற்கும் பெண்களின் கால்கள் கண்ணில் படும். நாற்பதைத் தாண்டியவர்களில் சிலருக்குக் கெண்டைச்சதையில் ரத்தக்குழாய் நீலமாகப் புடைத்து, முடிச்சு முடிச்சாக நெளிந்து கிடக்கும். என்னக்கா இது என்று கேட்டால், "நரம்பு சுருட்டிக்கிச்சுப்பா, அது கெடக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த நாற்று முடியை அவிழ்ப்பார்கள்.

அது சும்மா கிடப்பதில்லை. முதலில் சாயங்காலமானால் கால் கனக்கும். ராத்திரி கெண்டை பிடித்து இழுத்துத் தூக்கத்தைக் கெடுக்கும். கணுக்கால் வீங்கி, விடிந்தால் வடியும். சில வருடம் போனபின் கணுக்காலின் உட்புறம் கறுத்து அரிக்கத் தொடங்கும். சொறிந்த இடத்திலோ, கருவேல முள் கிழித்த இடத்திலோ ஒரு புண் வரும், அது ஆறாது. அப்போதுதான் வைத்தியம் ஆரம்பமாகிறது. மெடிக்கல் ஷாப்பில் ஒரு களிம்பு, பிறகு சர்க்கரை இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை, அதன்பின் யாரோ சொன்னார்கள் என்று அட்டை விடுவது. புண்ணைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். அதற்கு ஏறக்குறைய இரண்டடி மேலே, தொடை மடிப்பில் கெட்டுப்போயிருக்கும் வால்வை யாரும் பார்ப்பதில்லை.

நடவுப் பெண்களோடு இது முடியவில்லை. கோடியக்காடு, அகஸ்தியம்பள்ளி உப்பளங்களில் வாருபலகையோடு நாள் முழுக்க நிற்பவர்கள், வேளாங்கண்ணியில் மெழுகுவத்தியும் மாதாப் படமும் விற்கும் கடைப் பையன்கள், கல்லுக்கு முன்னால் நள்ளிரவுவரை நிற்கும் பரோட்டா மாஸ்டர்கள், கரும்பலகைக்கு முன்னாலேயே முப்பது வருடம் கழித்த ஆசிரியைகள், ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை மாதா கோயில் திருவிழாவுக்கு ஊர் ஊராக வந்து சாலையில் நிற்கும் காவலர்கள் என்று பட்டியல் நீளும். மருத்துவர்கள் இதை வெரிகோஸ் வெயின் என்கிறார்கள். தமிழ் மருத்துவ நூல்களில் சுருள் சிரை நோய். இதற்கு லேசர் வந்து கால் நூற்றாண்டாகிறது. டெல்டா நகரங்களில் விளம்பரத் தட்டிகளுக்கும் குறைவில்லை. வலியில்லை, தழும்பில்லை, அன்றே வீட்டுக்குப் போகலாம் என்று அவை சொல்வதில் பெரும்பகுதி உண்மைதான். யாருக்கு, எப்போது, எதைப் பார்த்தபின் என்ற பாதியைத்தான் தட்டியில் எழுத இடம் போதுவதில்லை.

இதயம் அனுப்பும் ரத்தம் தமனி வழியாக அழுத்தத்தோடு பாதத்துக்கு இறங்கிவிடும். திரும்பி ஏறுவதில்தான் சிரமம். ஏற்றிவிடும் வேலை கெண்டைச்சதையுடையது. ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் அது இறுகி, தனக்குள் புதைந்திருக்கும் ஆழ்சிரைகளைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. சதை தளரும்போது தள்ளிய ரத்தம் கீழே விழாமல் இருக்க, சிரைக்குள் இடைக்கிடையே இரண்டு இதழ் கொண்ட வால்வுகள் இருக்கின்றன. நாகை மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்கக் கரும்பலகை வேண்டியதில்லை. காவிரியின் கிளையாறுகள் கடலைத் தொடும் இடங்களில் கட்டியிருக்கும் கடைமடை இயக்கு அணைகளின் வேலையும் இதுதான்: ஆற்றுத்தண்ணீர் கடலுக்குப் போகலாம், கடல்தண்ணீர் ஆற்றுக்குள் ஏறக் கூடாது. ஷட்டர் துருப்பிடித்துச் சரியாக இறங்காமல் போனால் உப்புத்தண்ணீர் உள்ளே ஏறி வயலைக் கெடுத்துவிடும். காலிலும், தொடை மடிப்புக்கு அருகே உள்ள வால்வு பழுதானால் மேலே போன ரத்தம் தோலுக்கடியில் ஓடும் சிரைக்குள் திரும்பி இறங்குகிறது. அந்தச் சுமையில் சிரை விரிகிறது. விரிந்ததால் அடுத்த வால்வின் இதழ்கள் ஒன்றையொன்று தொட முடியாமல் போய், அதுவும் கசியத் தொடங்குகிறது. இப்படியே கணுக்கால்வரை.

அசையாமல் நிற்பவரின் பாதச் சிரையில் அழுத்தம் 80 முதல் 90 மில்லிமீட்டர் பாதரச அளவு இருக்கும். நல்ல கால் பத்தடி நடந்தால் அது 30க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். வால்வு கெட்ட கால் எவ்வளவு நடந்தாலும் அந்த அளவுக்கு இறங்காது. ஓயாத அந்த அழுத்தத்தில் நுண்குழாய்களிலிருந்து நீரும் சிவப்பணுக்களும் கசிந்து வெளியே வருகின்றன. அணுக்களில் உள்ள இரும்பு தோலுக்கடியில் படிந்துதான் கணுக்கால் கறுக்கிறது. அந்தக் கறுப்பை எந்த சோப்பும் போக்காது, எந்தக் களிம்பும் மாற்றாது.

இது பெண்களின் வியாதி என்ற எண்ணம் பரவலாக உண்டு. மருத்துவமனைக்குப் பெண்கள் அதிகம் வருவதால் வந்த எண்ணம் அது. 1999இல் வெளியான எடின்பரோ ஆய்வு, மருத்துவமனையை விட்டுவிட்டு ஊர்மக்களிடம் போய்ப் பார்த்தது. 18 முதல் 64 வயதுவரை உள்ளவர்களில் ஆண்களில் 40 சதவீதம் பேருக்கும் பெண்களில் 32 சதவீதம் பேருக்கும் சிரைகள் புடைத்திருந்தன. ஆண்கள் வேட்டியையோ பேன்ட்டையோ இறக்கிவிட்டுக்கொண்டு வாயைத் திறப்பதில்லை, அவ்வளவுதான்.

காரணங்களில் முதலில் நிற்பது பரம்பரை. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இருந்தால் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு அதிகம். வயது, கர்ப்பங்களின் எண்ணிக்கை, உடல் எடை, நெடுநேரம் அசையாமல் நிற்கும் தொழில் எல்லாம் அதன்மேல் வந்து சேர்கின்றன. இந்தியாவில் இதைத் தேடிப் போன ஒரு பழைய ஆய்வு, அரிசிச்சோறு தின்னும் நாட்டுக்காரர்களைச் சற்று நிமிர்ந்து உட்கார வைக்கும். எஸ். எல். மல்ஹோத்ரா என்ற ரயில்வே மருத்துவர், வடக்கிலும் தெற்கிலும் ரயில்வே தொழிலாளர்களின் கால்களைப் பார்த்து ஒப்பிட்டு 1972இல் ஒரு சர்வதேச மருத்துவ இதழில் எழுதினார். வடக்கத்தியத் தொழிலாளர்களில் ஏறக்குறைய 7 சதவீதம் பேருக்கு இருந்த நோய், தென்னிந்தியத் தொழிலாளர்களில் 25 சதவீத அளவில் இருந்தது. ஒரே ரயில்வே, ஆனால் நான்கில் ஒருவர்.

மல்ஹோத்ரா சோற்றுத் தட்டின் பக்கம் விரல் நீட்டினார். வடக்கில் மென்று தின்னும் நார்ச்சத்துள்ள ரொட்டி, தெற்கில் மெல்லாமலே இறங்கும் சோறு என்பது அவர் வாதம். அதே 1972இல், உகாண்டாவில் நெடுங்காலம் பணியாற்றிய டெனிஸ் பர்கிட் என்ற அறுவை மருத்துவரும் இதே திசையில் எழுதினார். நார்ச்சத்து குறைந்தால் மலச்சிக்கல், மலச்சிக்கலால் முக்கல், முக்கும்போது வயிற்றழுத்தம் கால் சிரைக்கு இறங்குகிறது என்று சங்கிலி கோத்தார். கேட்க அழகாக இருக்கிறது. பின்வந்த ஆய்வுகள் அதை உறுதியாக நிலைநாட்டவில்லை. கீரையும் வாழைத்தண்டும் வயிற்றுக்கு நல்லது என்பதில் தகராறில்லை. வால்வைப் பழுதுபார்க்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

நிற்பதைப் பற்றித் தமிழ்நாடு சட்டமே போட்டிருக்கிறது. கோழிக்கோட்டில் துணிக்கடைப் பெண்களைத் திரட்டி விஜி என்ற தையல் தொழிலாளி நடத்திய நெடிய போராட்டத்தின் பலனாக 2018இல் கேரளம் முதலில் தன் கடைகள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்தது. அந்த ஆண்டு பி.பி.சி. வெளியிட்ட உலகின் 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு, 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்ற பிரிவைச் சேர்த்தது. வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் உட்கார, எல்லா ஊழியருக்கும் இருக்கை இருக்க வேண்டும் என்கிறது அது. துணிக்கடை ஊழியர்களின் கதையைச் சொன்ன 'அங்காடித் தெரு' படம் வந்து 11 வருடம் கழித்துக் கிடைத்த நாற்காலி. கடைக்குள் நாற்காலி வந்துவிட்டது; பல இடங்களில் அதில் வாடிக்கையாளரின் பை உட்கார்ந்திருக்கிறது. நடவு வயலுக்கும் உப்பளத்துக்கும் இந்தப் பிரிவு எட்டவே எட்டாது.

இந்த நோய்க்கு அறுவைச் சிகிச்சை மிகப் பழையது. ரோமானியத் தளபதி காயுஸ் மாரியுஸ் தன் இரு கால் சிரைகளையும் அறுத்தெடுக்கச் சம்மதித்ததை புளூட்டார்க் எழுதிவைத்திருக்கிறார். கட்டிப்போட விடாமல், முனகாமல் ஒரு காலைக் காட்டியவர், மருத்துவர் அடுத்த காலுக்கு வந்தபோது, படும் வலிக்கு இந்தக் குணம் ஈடாகாது என்று எழுந்துவிட்டாராம். வால்வுகளைத் துல்லியமாகப் படம் வரைந்து 1603இல் புத்தகம் போட்டவர் பாதுவா நகரத்து ஃபாப்ரீசியுஸ். அவருடைய மாணவர் வில்லியம் ஹார்வி, அந்த வால்வுகள் ஒருவழிப் பாதைகள் என்று 1628இல் நிரூபித்தார். அவர் செய்த சோதனையை வீட்டிலேயே செய்யலாம். கையைத் தொங்கவிட்டு, முன்கையில் புடைத்த ஒரு சிரையை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, இன்னொரு விரலால் அதிலுள்ள ரத்தத்தை முழங்கைப் பக்கம் வழித்துவிட வேண்டும். மேல்விரலை எடுத்தாலும் அந்தத் துண்டு வெறுமையாகவே இருக்கும்; கீழ்விரலை எடுத்ததும் சட்டென்று நிறையும்.

ஜெர்மனியின் ட்ரெண்டலன்பர்க் 1890 வாக்கில் தொடையில் தோலுக்கடியில் ஓடும் சிரையைக் கட்டிப்போடும் முறையைப் பரப்பினார். 1900களின் முதல் பத்தாண்டில் அமெரிக்கர்கள் ஒரு படி மேலே போய், சிரைக்குள் கம்பி விட்டு அதை முழுசாக உருவி எடுக்கத் தொடங்கினார்கள். அதற்குப் பெயர் ஸ்ட்ரிப்பிங். தொடை மடிப்பில் ஒரு வெட்டு, முழங்காலுக்குக் கீழே ஒரு வெட்டு, முதுகுத்தண்டில் மயக்க ஊசி, தொடை முழுக்க ரத்தக்கட்டு, சில வாரம் ஓய்வு. நூறு வருடத்துக்கு அதுதான் வைத்தியம். இன்றும் பல அரசு மருத்துவமனைகளில் செய்கிறார்கள். நன்றாகச் செய்தால் பலனும் நன்றாகவே இருக்கும்.

ஸ்பெயினின் மயோர்கா தீவைச் சேர்ந்த கார்லோஸ் போனே என்ற மருத்துவர், சிரையை உருவாமல் உள்ளேயே லேசரால் சுட்டு மூடிவிட்டதை 1999இல் அறிவித்தார். 2002 ஜனவரியில் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அந்த லேசரை அனுமதித்தது.

அறைக்குள் நடப்பதை அருகே நின்று பார்க்கலாம். நோயாளியை முதலில் படுக்க வைப்பதில்லை, நிற்க வைக்கிறார்கள். நின்றால்தான் சிரை நிறையும். மருத்துவர் கீழே ஸ்டூலில் உட்கார்ந்து, ஜெல் தடவிய அல்ட்ராசவுண்ட் கருவியைத் தொடை மடிப்பில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் கெண்டைச்சதையைப் பிடித்து அழுத்துகிறார். திரையில் ரத்தம் மேலே பாய்கிறது. கையை விட்டதும் அது நிற்க வேண்டும். கெட்ட சிரையில், எதிர்நிறத்தில் மறுபடி கீழே கொட்டுகிறது. அரை விநாடிக்கு மேல் இப்படிக் கொட்டினால் வால்வு பழுது என்று கணக்கு. டாப்ளர் ஸ்கேன் என்பது இதுதான். இந்தச் சோதனையை நிற்க வைத்துச் செய்யாமல், படுத்த வாக்கில் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு லேசருக்குத் தேதி கொடுத்தால், இன்னொரு மருத்துவரைப் பார்ப்பது நல்லது. சிரை போகும் வழியைத் தோலின்மேல் மார்க்கர் பேனாவால் கோடு போட்டுக்கொள்கிறார்கள்.

பிறகுதான் படுக்கை. முழங்காலுக்குச் சற்றுக் கீழே ஓர் ஊசிக்குத்து. ஊசி வழியாக மெல்லிய வயர், வயரின்மேல் ஒரு குழாய், குழாய்க்குள் கண்ணாடி இழை. இழையின் நுனி தொடை மடிப்பை நோக்கி ஏறுவதைத் திரையில் பார்த்துக்கொண்டே போய், ஆழ்சிரையோடு சேரும் சந்திப்புக்கு 2 சென்டிமீட்டர் முன்னால் நிறுத்துகிறார்கள். இந்த 2 சென்டிமீட்டரில் கஞ்சத்தனம் கூடாது. நுனி தாண்டிப் போய் ஆழ்சிரை சூடுபட்டால் உள்ளே ரத்தம் உறைந்துவிடும். விளக்கை மங்கலாக்கினால் ஒல்லியான தொடையில் தோலுக்கடியில் ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். அது வழிகாட்டி ஒளி, சுடும் கதிர் கண்ணுக்குத் தெரியாது.

நோயாளிக்கு நினைவிருப்பது இதற்கு அடுத்த கட்டம்தான். உப்புநீரில் மரத்துப்போகும் மருந்தைக் கலந்து, சிரையைச் சுற்றி அதன் நீளம் முழுக்க ஊசியால் நிரப்பிக்கொண்டே வருவார்கள். நூற்றுக்கணக்கான மில்லி உள்ளே போகும். கொழுப்பு உறிஞ்சும் சிகிச்சைக்காக ஜெஃப்ரி க்ளைன் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் 1987இல் எழுதிய முறை இது. மரத்துப்போக வைப்பது இதன் ஒரு வேலைதான். சுற்றியிருக்கும் நீர் சிரையை நெருக்கி இழையோடு ஒட்ட வைக்கிறது. சூடு தோலுக்கும் நரம்புக்கும் போகாமல் நடுவில் நின்று வாங்கிக்கொள்கிறது. வலியே இல்லை என்கிற விளம்பரத்தில், வரிசையாக விழும் இந்த ஊசிக்குத்துகளைச் சேர்ப்பதில்லை. கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளக்கூடிய வலிதான், ஆனால் இல்லாததல்ல.

எல்லோரும் கண்ணாடி அணிந்தபின் லேசரை இயக்கி, இழையை மெதுவாக, விநாடிக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் வெளியே இழுக்கிறார்கள். ஆரம்ப காலத்து 810 நானோமீட்டர் லேசர் ரத்தத்தின் சிவப்பைப் பிடித்துச் சூடேற்றியது. இழையின் நுனி நேராகச் சுட்டதில் சிரைச்சுவர் ஓட்டையாகி, தொடை முழுக்க நீலம் பாரித்தது. இப்போது பரவலாக இருக்கும் 1470 நானோமீட்டர் கதிரை நீர் நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். சிரைச்சுவரில் நீர் அதிகம் என்பதால் சூடு அங்கேயே இறங்குகிறது. நுனியும் சுற்றிலும் வட்டமாக ஒளி வீசும்படி மாறிவிட்டது. சுடுபட்ட சிரை சுருங்கி மூடிக்கொள்கிறது. மாதக்கணக்கில் நாராகி, உடம்பே அதைக் கரைத்துவிடும். ஒரு காலுக்கு மொத்தமாக ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கட்டுப் போட்டதும் எழுந்து நடக்கச் சொல்கிறார்கள். இந்த நடை சிகிச்சையின் பகுதி. ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்வது அதுதான். பொதுவாக ஒன்றிரண்டு நாளில் வீட்டு வேலைக்குத் திரும்பலாம்.

"உள்ள இருக்கிற ரத்தக்குழாய எரிச்சிட்டா, கால் என்னாகும் டாக்டர்?" என்று கேட்காத நோயாளி இல்லை. நியாயமான கேள்வி. காலின் ரத்தத்தில் பத்தில் ஒன்பது பங்கு ஆழ்சிரைகள் வழியாகவே ஏறுகிறது. தோலுக்கடியில் ஓடும் இந்த மேற்சிரை உதவிக்கு இருப்பது; வால்வு கெட்டபின் அதுவும் உபத்திரவம்தான். ரெனே ஃபவலோரோ 1967இல் தொடங்கிவைத்த இதய பைபாஸ் அறுவையில் இதே சிரையைக் காலிலிருந்து எடுத்துத்தான் நெஞ்சில் தைக்கிறார்கள். அப்படிச் சிரையைக் கொடுத்துவிட்டு நடமாடுபவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

லேசர் மட்டும்தான் வழி என்று நினைக்க வேண்டாம். ரேடியோ அலைச் சூட்டிலும் அதே வேலை நடக்கிறது. பலனில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு சிரிஞ்சுகளுக்கு நடுவே மருந்தையும் காற்றையும் மாற்றி மாற்றி அடித்து நுரையாக்கி ஊசியாகப் போடும் முறை மலிவு. பசை ஊற்றி ஒட்டும் முறை 2015இல் அமெரிக்க அனுமதி பெற்றது. அதற்கு அத்தனை ஊசிக்குத்து வேண்டாம், காசு அதிகம். பிரிட்டனில் 798 பேரிடம் லேசர், நுரை, பழைய அறுவை மூன்றையும் ஒப்பிட்ட ஆய்வின் ஐந்தாண்டு முடிவு 2019இல் வந்தது. நோயாளிகளின் அன்றாட வாழ்க்கைத் தரத்தில் லேசரும் அறுவையும் நுரையைவிட மேலாக இருந்தன. 2013இல் வெளியான பிரிட்டன் அரசு வழிகாட்டுதல், முதலில் லேசரோ ரேடியோ அலையோ, அது ஒத்துவராவிட்டால் நுரை, அதுவும் முடியாவிட்டால் அறுவை என்று வரிசைப்படுத்தியது. உள்ளூரில் லேசர் இல்லை, நல்ல அறுவை மருத்துவர் இருக்கிறார் என்றால் ஸ்ட்ரிப்பிங் செய்துகொள்வதில் தவறொன்றுமில்லை.

சங்கடங்களும் உண்டு. தொடையின் உள்பக்கம் ஒரு வாரம் கயிறு இழுப்பதாகத் தெரியும். கெண்டைப் பகுதியில் சுட்டால் பக்கத்து நரம்பு சூடுபட்டு மரத்துப்போகலாம். பெரும்பாலும் மாதங்களில் சரியாகும். தோல் சுட்டுவிடுவதும், ஆழ்சிரையில் ரத்தம் உறைவதும் அபூர்வம், ஆனால் நடக்கக்கூடியவை. மூடிய சிரை சிலருக்குத் திறந்துகொள்ளும். வேறு சிரையில் புதிதாகவும் நோய் வரும். ஒருமுறை செய்துவிட்டால் ஆயுசுக்கும் கவலையில்லை என்று எழுதிக் கொடுக்க யாராலும் முடியாது.

அவசரப்பட்டுச் செய்யக் கூடாதவர்களும் இருக்கிறார்கள். கர்ப்பகாலத்தில் புடைக்கும் சிரைகள் பிரசவத்துக்குப் பின் பெருமளவு அடங்கிவிடும்; அதுவரை பொறுக்கலாம். ஆழ்சிரை ஏற்கெனவே அடைத்துப்போனவருக்குப் புடைத்த மேற்சிரைதான் மாற்றுவழி. அதை மூடினால் கால் இன்னும் வீங்கும். தோலில் மெல்லிய நீலக்கோடுகள் மட்டும் தெரிகிற, வேறு தொந்தரவு இல்லாத இருபத்தைந்து வயதுக்காரருக்கு லேசர் தேவையே இல்லை. விளம்பரம் தேடுவது பெரும்பாலும் இவரைத்தான்.

டெல்டாவுக்கென்று தனிச் சிக்கல் ஒன்று இருக்கிறது. கும்பகோணம் வட்டாரம் யானைக்கால் நோய்க்குப் பேர்போனது. அதனால் கால் வீங்கியவர்களையெல்லாம் கொசுக்கடிக் கணக்கில் சேர்த்துவிடும் பழக்கம் இங்கே அழுத்தமாக உண்டு. யானைக்காலில் புறங்காலும் விரல்களும் சேர்ந்து வீங்கி, தோல் தடித்துப்போகும். நாளானபின் படுத்தாலும் வடியாது. சிரை வீக்கம் கணுக்காலைச் சுற்றி வந்து, இரவு படுத்தெழுந்தால் குறையும். சந்தேகமிருந்தால் ராத்திரி ரத்தப் பரிசோதனையும் டாப்ளரும் பேசட்டும். பீடி, சிகரெட் பிடிப்பவர்கள், நெடுநாள் சர்க்கரை நோயாளிகள் விஷயத்தில் இன்னொரு எச்சரிக்கை: அவர்களுக்குத் தமனியிலும் அடைப்பு இருக்கலாம். கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தம் பார்த்து ஒப்பிடாமல், சிரைப்புண் என்று நினைத்து இறுக்கிக் கட்டுப் போட்டால் பாதமே போய்விடும். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி, சூடாகி வலித்தால் எண்ணெய் போட்டு நீவக் கூடாது. அது ஆழ்சிரை ரத்தக்கட்டியாக இருந்தால், நீவிய கட்டி நுரையீரலுக்குப் போய் அடைக்கும்.

புடைத்த சிரை சில சமயம் உடைந்து ரத்தம் பீய்ச்சியடிக்கும். குளிக்கும்போது நேர்வதுண்டு, வெந்நீரில் சிரை விரிந்து தோல் மெலிந்திருக்கும். பார்ப்பவர்கள் பதறிப்போய் முழங்காலுக்கு மேலே துணியை இறுக்கிக் கட்டுகிறார்கள். அப்படிக் கட்டினால் சிரையில் அழுத்தம் ஏறி ரத்தம் இன்னும் கொட்டும். அவரை உடனே படுக்க வைத்து, காலை நெஞ்சுக்கு மேலே தூக்கி, உடைந்த இடத்தில் துணியை வைத்து விரலால் பத்து நிமிடம் விடாமல் அழுத்தினால் நின்றுவிடும். உட்கார வைத்துக்கொண்டு ஆட்டோ தேடினால் ஆள் மயங்கிவிடுவார்.

லேசரால் உண்மையில் வாழ்க்கை மாறுகிறவர்கள் புண்ணோடு இருப்பவர்கள்தான். 2018இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில், சிரைப்புண் உள்ள 450 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். எல்லோருக்கும் அழுத்தக்கட்டு உண்டு. ஒரு பிரிவுக்கு உடனே சிரையையும் மூடினார்கள். இன்னொன்றுக்குப் புண் ஆறியபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். உடனே மூடியவர்களுக்குப் பாதிப்பேரின் புண் 56 நாளில் ஆறியது. தள்ளிப்போட்டவர்களுக்கு 82 நாள் பிடித்தது. புண் முதலில் ஆறட்டும், பிறகு லேசர் என்று இங்கே இன்னும் பலர் சொல்லக் கேட்கலாம். வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். அழகுக்காகச் செய்துகொள்ளும் சிகிச்சை என்று வயல்வேலைப் பெண்களும், புண் இருக்கும்போது வேண்டாம் என்று வீட்டாரும் நினைத்துக்கொண்டிருப்பதில் ஆறாத புண்ணோடு வருடங்கள் போகின்றன.

செலவு ஓரளவு யோசிக்க வைப்பதுதான். ஒருமுறை மட்டுமே பயன்படுத்த வேண்டிய அந்த இழை விலையில் பெரும்பங்கை இழுத்துக்கொள்கிறது. நாகப்பட்டினத்துக்கு ஒரத்தூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12இல் திறக்கப்பட்டது. திருவாரூரில் 2010 முதல், தஞ்சாவூரில் 1959 முதல் அரசு மருத்துவக் கல்லூரிகள் இயங்குகின்றன. முதல் டாப்ளருக்கும் அறுவை மருத்துவரின் கருத்துக்கும் இவற்றில் ஒன்றுக்குப் போகலாம். சிக்கலான கால்களுக்குச் சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் ரத்தநாள அறுவைக்கெனத் தனித் துறைகள் உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கும். மருத்துவமனையில் அத்திட்டத்துக்கென ஒரு மேசை போட்டிருப்பார்கள். லேசருக்குத் தேதி வாங்குவதற்கு முன்பே அந்த மேசையில் உட்கார்ந்து, தனக்குச் சொல்லப்பட்ட சிகிச்சையின் பெயரைக் காட்டி, எவ்வளவு கிடைக்கும் என்று எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். செய்து முடித்தபின் கேட்டால் ஒன்றும் நடக்காது.

காலுறை பற்றி ஒரு வார்த்தை. அழுத்தக் காலுறை வீக்கத்தையும் கனத்தையும் குறைக்கும், வால்வைச் சரியாக்காது. சிகிச்சைக்கு வழியிருக்கும்போது வெறும் காலுறையோடு அனுப்பிவிடக் கூடாது என்று 2013ஆம் ஆண்டு வழிகாட்டுதல் தெளிவாகவே சொன்னது. நாகை வெயிலில், உப்புக்காற்றில், தொடைவரை இறுகும் ரப்பர் உறையை யார் போட்டுக்கொள்வார்கள்? வாங்கிய முதல் வாரமே பீரோவுக்குள் போய்விடுகிறது. அதனால் நிற்பவர்கள் செய்யக்கூடியது, குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவதும், ஒரு மணிக்கொருமுறை நாலு எட்டு நடப்பதும், ராத்திரி காலுக்கடியில் இரண்டு தலையணை வைப்பதும். கெண்டைச்சதைக்கு வேலை கொடுப்பதுதான் நோக்கம்.

புண் இல்லாதவர்கள் நாள் பார்த்துச் செய்துகொள்ளலாம். தை அறுவடை முடிந்து, ஜூன் 12இல் மேட்டூரைத் திறப்பார்களா என்று பேப்பரைப் பார்க்கும் காலம்வரை வயலில் இறங்க வேண்டிய வேலை குறைவு. காலுக்கு ஓய்வு கொடுக்கவும், மறு ஸ்கேனுக்கு வந்துபோகவும் தோதான மாதங்கள் அவைதான். வெயில் காலத்தில் காலுறையா என்று தயங்க வேண்டாம். லேசருக்குப் பின் 7 நாளுக்கு மேல் அது தேவையில்லை என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது. புண் இருப்பவர்கள் தைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த புறநோயாளி நாளிலேயே போய் டாப்ளர் எழுதி வாங்கலாம்.